படுவான்கரைக்கு எந்தச் சலவை இயந்திரம்?

குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த சலவை இயந்திரம் அவர்களுக்குப் புதிதல்ல. எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு வேண்டும், தூளை எந்தத் தட்டில் போட வேண்டும், கம்பளியை எப்படிப் பிரித்துப் போட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் வெல்லாவெளியிலோ மண்டூரிலோ சொந்த வீட்டுக்கு வந்த பிறகு அதே பெண்கள் கிணற்றடியில் குனிந்து நின்று, சன்லைட் கட்டியைத் தேய்த்து, வயல் சேறு ஊறிய சாறனைக் கல்லில் அடிக்கிறார்கள். பிறர் வீட்டு உடுப்புக்கு இயந்திரம், தம் வீட்டு உடுப்புக்கு முதுகு என்ற இந்த நிலை மாறியாக வேண்டும்.

மெல்ல மாறியும் வருகிறது. களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் உள்ள காட்சியறைகளில் சலவை இயந்திரத்தைத் தவணைக்கு எடுக்கும் குடும்பங்கள் கூடிவிட்டன. விற்பனையாளர்கள் முன்னே தள்ளுவது தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்கும் உயர் திறன் முன்கதவு இயந்திரங்களை. கதவில் நட்சத்திர ஒட்டி, மோட்டருக்குப் பத்து வருட உத்தரவாதம், கூடவே கவர்ச்சியான சிறு தவணை. இயந்திரம் நல்லதுதான். ஆனால் அது எதை நம்பிச் செய்யப்பட்டது, அந்த வசதி நம்மூர் வீட்டில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் காசைக் கொடுத்துவிட்டுப் பின்னால் தலையில் கை வைப்பவர்கள் அதிகம்.

முதலில் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். பழைய வகை இயந்திரத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் நின்றால்தான் துணி நனைந்து சுழலும். முன்கதவு இயந்திரத்தில் உருளை படுக்கையாகச் சுழல்கிறது. அடியில் கொஞ்சத் தண்ணீர் நின்றாலே போதும். துணியை மேலே தூக்கித் தூக்கி அந்தத் தண்ணீரிலேயே விழ வைத்து அழுக்கை எடுக்கிறது. ஏழு கிலோ துணிக்கு ஏறக்குறைய 50 லீற்றர் தண்ணீரில் வேலை முடிகிறது. அதே துணிக்கு மேலே மூடி திறக்கும் முழுத் தானியங்கி இயந்திரம் 100 லீற்றருக்கு மேல் கேட்கும். இந்தப் படுக்கை உருளையை வீட்டுக்குரிய தானியங்கி இயந்திரமாக்கி 1937இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது பென்டிக்ஸ் நிறுவனம். ஐரோப்பா அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோயிற்று.

ஓர் ஆவணி மாதத்தில் படுவான்கரையில் 50 லீற்றர் மிச்சம் என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். வடகீழ்ப் பருவ மழை முடிந்து ஏழெட்டு மாதம் போன பிறகு கிணற்றில் ஊற்றுக் குறைந்துவிடும். சில கிராமங்களில் பவுசர் வண்டி வரும் நாளைப் பார்த்துக் குடங்களை வரிசையில் வைப்பார்கள். வாரத்துக்கு மூன்று முறை தோய்க்கும் வீட்டில் ஒவ்வொரு முறையும் 50 லீற்றர் மிஞ்சினால் மாதத்துக்கு 600 லீற்றருக்கு மேல். கூரையில் வைக்கும் 1000 லீற்றர்த் தாங்கியில் பாதிக்கு மேல் அது.

மழைக் காலத்தில் நன்மை வேறு விதமாக வருகிறது. கார்த்திகை தொடங்கித் தை வரை கொடியில் போட்ட துணி காய்வதில்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஈர வாசத்தோடு மறுநாள் போகும். நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றிப் பிழியும் இயந்திரத்திலிருந்து எடுத்த துணியை வீட்டுக்குள்ளே மின்விசிறிக் காற்றில் போட்டாலும் விடிவதற்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். பெட்ஷீட்டை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து முறுக்கிப் பிழிந்த வீடுகளுக்கு இந்த ஒன்றே பெரிய விடுதலை.

இனி மறுபக்கம். இயந்திரத்துக்குள் தண்ணீர் தானாக வர வேண்டும் என்றால் குழாயில் அழுத்தம் வேண்டும். பெரும்பாலான முன்கதவு இயந்திரங்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் தேவை. அதாவது தாங்கியின் தண்ணீர் மட்டம் இயந்திரத்தின் குழாய் வாயிலிருந்து மூன்று மீற்றராவது மேலே நிற்க வேண்டும். படுவான்கரையில் எத்தனை வீட்டில் அப்படித் தாங்கி இருக்கிறது? கிணற்றில் சின்ன மோட்டரைப் பூட்டி நேரே வாளிக்கு இறைக்கும் வீடுகளே அதிகம். தாழ்வான மேடையில் வைத்த தாங்கியிலிருந்து சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரில் இயந்திரம் குறித்த நேரத்தில் நிரம்பாது. சற்றுப் பார்த்துவிட்டுப் பிழைக் குறியைக் காட்டி நின்றுவிடும். இயந்திரம் பழுதென்று வீட்டார் நினைப்பார்கள். குறை தாங்கியின் உயரத்தில் இருக்கும்.

தண்ணீரின் தன்மையும் பார்க்க வேண்டியது. இரும்பு கலந்த கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது தெளிவாக இருக்கும், காற்றுப் பட்டதும் மஞ்சளாகும். அந்தத் தண்ணீரில் தோய்த்த வெள்ளைச் சட்டை நாலு தவணையில் பழுப்பேறும். எந்த விலை இயந்திரமும் அதைத் தடுக்காது. தண்ணீரைத் தாங்கியில் ஒரு நாள் தெளிய விட்டு எடுப்பதும், குழாய் வாயில் வடிகட்டி போடுவதும்தான் வழி. வயல் உடுப்பைச் சேற்றோடு உள்ளே போட்டால் மணல் போய் வடிகால் பம்பை அடைக்கும். வெளியில் ஒருமுறை அலசிவிட்டுத்தான் போட வேண்டும். ஆக, கிணற்றடி வேலை முழுதாக ஒழிவதில்லை, குறைகிறது.

மின்சாரக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். முன்கதவு இயந்திரத்தில் மின்சாரத்தை விழுங்குவது மோட்டர் அல்ல, தண்ணீரைச் சூடாக்கும் கம்பி. அதன் வலு ஏறக்குறைய இரண்டாயிரம் வாட். பச்சைத் தண்ணீரில் ஒருமுறை தோய்க்கக் கால் அலகு மின்சாரம் போதும். 60 பாகைச் சூட்டில் தோய்த்தால் ஏறக்குறைய ஓர் அலகு. மாதம் 13 தடவை தோய்க்கும் வீட்டில் முதல் வகைக்கு மூன்றரை அலகுக்குள், இரண்டாவது வகைக்கு 13 அலகு. வித்தியாசம் பத்து அலகுதானே என்று விட்டுவிட முடியாது. இலங்கையின் வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகு ஒரு பெரிய எல்லை. அதைத் தாண்டும் வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் வேறு. 55 அலகு எரிக்கும் வீடு பச்சைத் தண்ணீரில் தோய்த்தால் 59க்குள் நிற்கும். சூட்டுப் பொத்தானைத் தட்டினால் 68க்குப் போகும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது வீட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றவர்களுக்கு இந்த எல்லையின் அருமை தெரியும். நம்முடைய வெயிலில் தாங்கித் தண்ணீரே இளஞ்சூடாகத்தான் வருகிறது. நோயாளியின் துணி, குழந்தையின் துணி தவிர வேறெதற்கும் சூட்டுப் பொத்தான் தேவையில்லை.

தூள் விடயத்திலும் ஏமாறுகிறவர்கள் உண்டு. கையால் தோய்க்கும் தூள் நுரைக்காகவே செய்யப்பட்டது. அதை முன்கதவு இயந்திரத்தில் போட்டால் நுரை பொங்கி, துணி விழுந்து அடிபடுவதைத் தடுத்துவிடும். நுரையைக் கண்ட இயந்திரம் கூடுதலாக அலசும். மிச்சம் பிடிக்க வந்த தண்ணீர் அங்கேயே போகும். நுரை குறைந்த தூள் தனியாக விற்கிறது, விலையும் கூட. ஆனால் கொஞ்சம் போட்டாலே போதும். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில் ஈரம் தங்கினால் நம்மூர்ப் புழுக்கத்தில் ஒரே மாதத்தில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். தோய்த்து முடித்ததும் வளையத்தைத் துடைத்துக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். இதை விற்பனையாளர் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி பழுது பார்ப்பது. முன்கதவு இயந்திரத்தின் மூளை ஒரு மின்னணுத் தகடு. மாலையில் மின்னழுத்தம் இறங்குவதும், ஐப்பசி இடி மின்னலும் அந்தத் தகட்டுக்கு ஆகாது. அது போனால் மாற்றும் செலவு சிலவேளை புது இரட்டைத் தொட்டி இயந்திரத்தின் விலையை எட்டிப் பிடிக்கும். குலுங்காமல் நிற்பதற்காக உள்ளே கொங்கிறீற் கட்டி வைத்திருப்பதால் இயந்திரத்தின் எடை 60 கிலோவுக்கு மேல். வெல்லாவெளியிலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி அதைத் திருத்தும் நிலையத்துக்கு ஏற்றிப் போவதென்றால் ஒரு வண்டியும் இரண்டு ஆளும் வேண்டும். மாரியில் மண்டூர் வீதியின் மேலால் வெள்ளம் பாயும் நாட்களில் அதுவும் நடக்காது. திருத்துபவரை வீட்டுக்கு அழைத்தால் வருகைக் கட்டணம் தனி. உத்தரவாத அட்டையில் பத்து வருடம் என்று பெரிதாகப் போட்டிருப்பது மோட்டருக்கு மட்டும். தகட்டுக்கு ஒன்றிரண்டு வருடம்தான்.

இந்த இடத்தில் இரட்டைத் தொட்டி இயந்திரத்துக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். கடைக்காரர்கள் ‘செமி ஓட்டோ’ என்று சொல்லி ஓரமாக வைத்திருப்பது அதைத்தான். ஒட்டியில் அதற்குப் பெருமை இல்லை. ஆனால் அழுத்தம் கேட்காது, வாளியால் ஊற்றினாலும் ஓடும். மின்னணுத் தகடு கிடையாது. திருகும் நேரக் குமிழைக் களுவாஞ்சிக்குடியிலேயே மாற்றிவிடலாம். ஒருவரே தூக்கி நகர்த்தலாம். கரண்ட் போனால் மூடியைத் திறந்து துணியை எடுத்துக் கையால் முடிக்கலாம். பிழியும் தொட்டியின் வேகமும் குறைந்ததல்ல. தண்ணீர் கூடப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அது பழக்கத்தைப் பொறுத்தது. ஒரே சவர்க்காரத் தண்ணீரில் முதலில் வெள்ளை, அடுத்து நிறத் துணி, கடைசியில் வயல் உடுப்பு என்று மூன்று தவணை எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். குழாயைத் திறந்து ஓட விட்டு அலசாமல், தொட்டியை நிரப்பி அலசி, அந்தத் தண்ணீரை வாழையடிக்கு விட்டால் முன்கதவு இயந்திரத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி நன்றாகக் குறைந்துவிடும். சவர்க்காரத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் முக்கியம்.

இடத்துக்கேற்ற இயந்திரம் என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பிரித்தானியப் பொறியியலாளர் நவ்ஜோத் சாஹ்னி, புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள குயிலாப்பாளையத்தில் புகையில்லா அடுப்பு வேலைக்காகத் தங்கியிருந்தார். பக்கத்து வீட்டுத் திவ்யா துணி துவைக்கப் படும் பாட்டைப் பார்த்தவர், ஊர் திரும்பி 2018இல் ஓர் அமைப்பைத் தொடங்கிக் கையால் சுற்றும் சலவை இயந்திரத்தை வடிவமைத்தார். அதற்குத் திவ்யா என்றே பெயரிட்டார். மின்சாரம் தேவையில்லாத அந்த இயந்திரம் ஈராக்கின் அகதி முகாம்கள் வரை போயிருக்கிறது. அதே தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வீட்டுக்கு வீடு இலவசச் சலவை இயந்திரம் என்று அதிமுக தன் தேர்தல் அறிக்கையில் அறிவித்தது. கட்சி தோற்றது, திட்டமும் நின்றது. ஆனால் துணி துவைப்பது பெண்களின் தனிப்பட்ட கஷ்டம், அதில் அரசுக்கு என்ன வேலை என்ற பேச்சு அத்தோடு எடுபடாமல் போயிற்று. நம் பக்கத்தில் எந்தக் கட்சியின் மேடையிலும் சலவைச் சுமை பற்றிய பேச்சு இன்னும் வந்ததாகத் தெரியவில்லை.

கடனைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பின் கிராமங்களில் நுண்கடன் செய்த அழிவை யாரும் மறக்கவில்லை. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே இறங்கி வர வேண்டியிருந்தது. அந்த வடு ஆறாத வீடுகளில், இரு மடங்கு விலை இயந்திரத்தைத் தவணைக்கு எடுத்துத் தண்ணீரில் மிச்சம் பிடிப்பது சரியான கணக்காக இருக்காது. கிணற்றுத் தண்ணீருக்குப் பட்டியல் வருவதில்லை, தவணைக்கு மாதாமாதம் வரும்.

எனவே தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. உயரத்தில் தாங்கி, சீரான மின்னழுத்தம், ஆறேழு பேர் உள்ள குடும்பம், கையில் ரொக்கம் ஆகிய நான்கும் இருக்கும் வீட்டுக்கு முன்கதவு இயந்திரம் நிச்சயம் பயன் தரும். மின்னழுத்தச் சீராக்கி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். மற்ற வீடுகளுக்கு, அதாவது படுவான்கரையின் பெரும்பாலான வீடுகளுக்கு, இரட்டைத் தொட்டி இயந்திரமே இன்றைக்குப் பொருத்தம். எந்த இயந்திரமும் வேண்டாம், கல் போதும் என்பது மட்டும் இனி ஏற்கக்கூடிய பதில் அல்ல. ஐம்பது வயதில் நிமிர முடியாமல் நடக்கும் தாய்மாரின் முதுகில் அந்தக் கல்லுக்கும் பங்கு உண்டு. இயந்திரம் வந்த வீட்டில் துணியைப் போட்டு எடுப்பதும் காயவைப்பதும் ஆண்களின் கைக்கும் வர வேண்டும். பொத்தானை அழுத்த ஆண், பெண் என்று வேறுபாடு இல்லை.

கிராமங்களுக்குச் சீரான மின்னழுத்தம் கொடுப்பது மின் விநியோகத்துக்குப் பொறுப்பானவர்களின் கடமை. இங்கே இயந்திரம் விற்று இலாபம் காணும் நிறுவனங்கள் பட்டிருப்புப் பாலத்துக்கு மேற்கே ஒரு திருத்துநரையாவது நியமிக்க வேண்டும். அது நடக்கும் வரை வாங்குபவர்கள் காசை எண்ணிக் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இதற்கு எவ்வளவு நீரழுத்தம் வேண்டும்? தகடு பழுதானால் யார் செலவு? திருத்துபவர் வெல்லாவெளிக்கு எத்தனை நாளில் வருவார்? மூன்றுக்கும் பற்றுச்சீட்டில் எழுதிப் பதில் தராத கடையில் சலவை இயந்திரம் வாங்காதீர்கள்.