புத்தகம் இல்லையா, தேடத் தெரியவில்லையா?

“நான் ஆராயும் விஷயத்தைப் பற்றிச் சர்வகலாசாலைப் புத்தகசாலையில் ஒன்றுமே இல்லை” என்று மாணவர் பலர் முறையிடக் கேட்கிறோம். பல சமயங்களில் புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது. ஜாபிதாவைக் கேட்கும் விதந்தான் தெரியவில்லை.

ஓர் உதாரணம் சொல்லுவோம். 1906-ம் வருஷத்தில் தூத்துக்குடியில் தோன்றிய சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒருவர் ஆராயப் புகுகிறார். கணினியில் ‘வ. உ. சி.’ என்று மட்டும் இட்டுப் பார்த்து, இரண்டொரு நூலோடு திரும்பிவிடுகிறார். ஜாபிதா பெரும்பாலும் நூலின் உள்ளே உள்ளதை அறியாது. தலைப்பு, ஆசிரியர், பொருள், வருஷம் முதலியவற்றையே அறியும். சிதம்பரம் பிள்ளை என்ற பெயரே ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதப்படுகிறது. பழைய ஆங்கில நூல்களில் தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆகிவிடும். ஆகவே ஒரே பொருளைக் குறிக்கும் வடிவங்களையெல்லாம் ஆங்கிலத்தில் ‘ஆர்’ என்னும் சொல்லால் இணைத்தால் வலை விரியும்; வேறு வேறு பொருள்களை ‘ஆண்ட்’ என்பதால் இணைத்தால் வலை குறுகும்.

பொருத்தமான ஒரு நூல் அகப்பட்டதும் அதன் பதிவை முழுதும் படிக்க வேண்டும். புத்தகசாலையார் அதற்கு இட்ட பொருட்தலைப்பைக் கொண்டு மறுபடி தேடினால் அதன் இனத்து நூல்கள் வெளிப்படும். பிறகு அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்கே சென்று அண்டையிலுள்ள நூல்களையும் பார்க்க வேண்டும். 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் புத்தகசாலைத் தலைவராக அமர்ந்த ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன், 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். இனமான நூல்கள் அருகருகே நிற்பதே இத்தகைய பகுப்பு முறைகளின் நோக்கம். அவ்வுழைப்பின் பயனை நாம் கைவிடலாமா?

பத்திரிகைக் கட்டுரைகளும் சர்க்கார் தஸ்தாவேஜுகளும் இந்த ஜாபிதாவில் பெரும்பாலும் தனித்தனியே இரா. அவற்றுக்கு வேறு அட்டவணைகள் உண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் ரோஜா முத்தையா நூலகத்தையும் நாடுவதும் அவசியம். புத்தகசாலையாரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இது வெறும் மாணவர் சௌகரியம் அன்று. அந்நிய அதிகாரிகள் எழுதிய அறிக்கைகள் ஆங்கிலத்தில் எளிதாக அகப்படும். நம்மவர் தமிழில் அச்சிட்ட சிறு பிரசுரங்களோ பெயர் வேறுபாட்டில் மறைந்து கிடக்கும். முதலில் அகப்பட்டதோடு திருப்தியடைபவர், வழக்குத் தொடுத்தவனின் வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதியை ஒப்பர்.

ஆதலின், தேடும் முறையைச் சேர்ந்த முதல் மாதத்திலேயே மாணவருக்குக் கற்பிப்பதும், தமிழ் நூல்களைத் தமிழ் எழுத்திலும் பதிவு செய்வதும் சர்வகலாசாலைகளின் கடமை. மாணவரும் நன்றாகத் தேடிய பின்னரே ‘இல்லை’ என்று சொல்லத் துணிவாராக.