ஆடிஷன் பொண்ணுக்கா, அப்பனுக்கா?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் வந்தே மூணு மாசம் ஆச்சு. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன், வயித்தெரிச்சல் தான் இழுத்துட்டு வந்து உக்கார வெச்சிருக்கு. அதனால மக்களே, இது மொக்கைப் பதிவு இல்லை. நடுவுல சிரிப்பு வந்தா நான் பொறுப்பில்லை.

விஷயம் இதுதான். என் பொண்ணுக்கு 13 வயசு. இங்க நியூஜெர்சியில, எங்க வீட்டிலிருந்து 40 நிமிஷ கார் தூரத்துல ஒரு நாடக அமைப்பு இருக்கு. கோடை லீவுல பசங்களுக்கு 5 வாரம் மியூசிக்கல் தியேட்டர் சொல்லித் தர்றாங்க. மியூசிக்கல்னா பாட்டு, ஆட்டம், வசனம் மூணையும் மேடையில ஒரே ஆள் செய்யணும். நம்ம சினிமா மாதிரி பின்னாடி வேற யாரும் குரல் குடுக்க மாட்டாங்க. இதுல ரெண்டு பிரிவு. ஆரம்பப் பிரிவுக்குப் பணம் கட்டினா போதும். 'அட்வான்ஸ்டு' பிரிவுக்கு ஆடிஷன். ரெண்டு வருஷம் ஆரம்பப் பிரிவுல ஒரு தடவை மரமாவும், ஒரு தடவை கூட்டத்துல மூணாவது ஊர்க்காரியாவும் நின்னு முடிச்சவ, இந்த வருஷம் அட்வான்ஸ்டுக்குப் போறேன்னு கிளம்பினா.

ஆடிஷன்ல மூணு கட்டம். ஒரு பாட்டுல 16 பார் பாடணும். அப்புறம் டான்ஸ். அப்புறம் கையில குடுக்கற வசனத்தைப் படிச்சுக் காட்டணும். (பார்னதும் டாஸ்மாக் ஞாபகம் வர்ற அன்பர்கள் மன்னிக்கவும். நம்ம ஆவர்த்தனம் மாதிரி இது ஒரு தாள அளவு. 16 பார்னா சுமாரா அரை நிமிஷத்திலிருந்து முக்கால் நிமிஷம்.)

பொண்ணு எடுத்துக்கிட்ட பாட்டு 'ஓவர் த ரெயின்போ'. 1939-ல வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்துல ஜூடி கார்லண்ட் பாடினது. கேக்க தாலாட்டு மாதிரி இருக்கும், ஆனா முதல் வார்த்தையிலேயே ஒரு கண்டம் இருக்கு. கீழ் ஸ-வுல ஆரம்பிச்சு, நடுவுல எங்கயும் கால் வைக்காம, நேரா மேல் ஸ-வுக்குத் தாவணும். என் பொண்ணு ஆறு வருஷமா கர்நாடக சங்கீதம் கத்துக்கறா. 5 கட்டை சுருதி. முழுத் தொண்டையில பாடணும், கள்ளக்குரல் கூடவே கூடாதுன்னு சொல்லி வளர்த்த டீச்சர். அதனால பாட்டைக் கொஞ்சம் கீழ இறக்கினாதான் அவளுக்குச் சௌகரியம். போன்ல இருக்கற கரோக்கி செயலியில சுருதியைக் குறைக்கிற பட்டனை மூணு தடவை அமுக்கி, ஒன்றரை கட்டை கீழ வெச்சு ஒரு மாசம் பாடிப் பழகினா. தங்கமணி குக்கரை அடுப்பில வெச்சுட்டு விசில் எண்ண மறந்து போய் நின்னு கேப்பாங்க. அப்படிப் பாடினா.

பியானோ வாசிக்கிறவருக்கு ஸ்வரம் அச்சடிச்ச பேப்பர் கொண்டு வரணும்னு போட்டிருந்துது. அந்தப் பொறுப்பு என்னோடது. நானும் பொறுப்பா காசு கட்டி இறக்கி, பிரிண்ட் எடுத்து, ஃபைல்ல போட்டுக் குடுத்தேன். எந்தச் சுருதியில அச்சாகியிருக்குன்னு பாக்கலை. பாக்கணும்னே தெரியாது. நம்ம ஊர்ல பாடறவங்க தானே சுருதியைச் சொல்லுவாங்க? தம்புராவும் மிருதங்கமும் வயலினும் அவங்களுக்கு ஏத்த மாதிரி சுருதி சேத்துக்கும். கச்சேரி கேட்டு வளர்ந்தவனுக்கு வேற மாதிரி யோசிக்கவே தோணாது. இங்க பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் வாசிப்பாங்க. 'கொஞ்சம் இறக்கி வாசிங்க'ன்னு அங்க போய் நின்னுகிட்டு கேக்கறது மரியாதை இல்லையாம். இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சது அப்புறம்.

பெத்தவங்களுக்கு உள்ள அனுமதி கிடையாது. கதவுக்கு வெளிய நின்னேன். பியானோ ஆரம்பிச்சதும் எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. அவ பழகின இடத்திலிருந்து ஒன்றரை கட்டை மேல. முதல் வார்த்தை. தாவினா. மேல் ஸ-வுல குரல் பிளந்துது. நிறுத்தலை. தேடிக்கிட்டே, தட்டுத் தடுமாறி, 16 பாரையும் முடிச்சா. உள்ள இருந்து ஒரு 'தேங்க்யூ' கேட்டுது. அவ்வளவுதான், முக்கால் நிமிஷம்.

அடுத்து போனது ஒரு பையன். பஸ் பிடிச்சு தனியா வந்திருந்தான். பேப்பரே கொண்டு வரலை. சரி, 'ஹேப்பி பர்த்டே' பாடுன்னாங்க. பாடினான் பாருங்க, காரிடார்ல இருந்த அத்தனை பேரும் போனை கீழ வெச்சுட்டுக் கதவைப் பாத்தாங்க. என்ன குரல்! ஆனா பொறந்த நாள் பாட்டை வெச்சு என்ன மார்க் போடுவாங்க? என் பொண்ணுக்காவது கார் ஓட்ட, தப்பான பேப்பரைக் குடுக்க ஒரு அப்பன் இருந்தான். அந்தப் பையனுக்கு அதுவும் இல்லை.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். டான்ஸ் சுத்து. முப்பது பசங்களை ஒரே ஹால்ல நிக்க வெச்சு, ஒரு அம்மா எட்டு எட்டு எண்ணிக்கையா ஒரு சின்ன ஆட்டத்தை அங்கயே சொல்லிக் குடுத்தாங்க. எல்லாருக்கும் ஒரே ஆட்டம், ஒரே நேரம், ஒரே டீச்சர். இருபது நிமிஷம் கழிச்சு நாலு நாலு பேரா ஆடிக் காட்டணும். கண்ணாடி வழியா பாத்தேன். என் பொண்ணும் அந்தப் பஸ் பையனும் ஒரே வரிசை. ரெண்டு பேரும் பட்டுனு பிடிச்சுக்கிட்டாங்க. பாட்டு சுத்துல கலர் கலரா தாள் பிரிச்ச ஃபைலோட வந்து பிரமாதமா பாடின ரெண்டு மூணு பேர் இங்க இடது காலைத் தேடிக்கிட்டு இருந்தாங்க.

அதாவது ஒரே காலை நேரத்துல, ஒரே கட்டடத்துல ரெண்டு விதமான தேர்வு நடந்துது. டான்ஸ்ல 'இந்தப் புள்ளை எவ்வளவு சீக்கிரம் கத்துக்குது'ன்னு பாத்தாங்க. பாட்டுல 'இந்தப் புள்ளைக்கு வீட்டுல ஏற்கெனவே யாரு சொல்லிக் குடுத்திருக்காங்க'ன்னு பாத்தாங்க. முதலாவது புள்ளைக்கு வெச்ச ஆடிஷன். ரெண்டாவது அப்பனுக்கு வெச்ச ஆடிஷன். நான் அதுல ஃபெயில். அதுக்கு அவ பேர்ல கடிதாசு வந்துது, ரெண்டே வரியில.

'அட்வான்ஸ்டுனா தயாரா தான் வரணும்'னு சொல்லுவீங்க. சரி, யாரு தயார் பண்ணணும்? ரெண்டு வருஷம் இதே இடத்துல ஆரம்பப் பிரிவுக்குப் பணம் கட்டியிருக்கேன். 16 பாரை எப்படி வெட்டறது, பேப்பர்ல எங்க குறி போடறது, உன் குரலுக்கு எந்தச் சுருதின்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லிக் குடுத்திருக்கலாமே? தான் சொல்லித் தராத பாடத்துல தானே பரீட்சை வைக்கிற பள்ளிக்கூடத்தை நம்ம ஊர்ல என்ன சொல்லித் திட்டுவோம்?

'பிராட்வேயில இப்படித்தான் சார்'னு காரிடார்ல ஒருத்தர் சொன்னார். இருக்கட்டுமே. அங்க போறவங்க வேலை தேடிப் போறாங்க. சம்பளம் குடுக்கறவன் 'நீ ரெடியா?'ன்னு கேக்கலாம். இங்க சம்பளம் குடுக்கறது நான்! ஃபீஸ் வாங்கிக்கிட்டு சொல்லித்தர்றேன்னு போர்டு மாட்டினவங்க, 'ஏற்கெனவே கத்துக்கிட்டு வா'ன்னு சொன்னா எப்படி?

'5 வாரத்துல நாடகம் போடணும், நேரம் இல்லை'னு இன்னொரு வாதம். நேரம் இல்லைன்னா சீக்கிரம் கத்துக்கற புள்ளைங்க தானே வேணும்? அதை டான்ஸ் சுத்துதான் காட்டுது. பாட்டுலயும் அதையே செய்யுங்க. எல்லாருக்கும் ஒரே 16 பாரை அங்கயே சொல்லிக் குடுங்க. ரெண்டு மூணு சுருதியில வாசிச்சு, உனக்கு எது தோதுன்னு கேளுங்க. அப்புறம் பாடச் சொல்லுங்க. எல்லாரையும் சேத்துக்கணும்னு நான் சொல்லலை. இடம் கம்மி, வடிகட்டித்தான் ஆகணும். எதை வெச்சு வடிகட்டறீங்கங்கறதுதான் கேள்வி.

இதுல பெரிய வேடிக்கை ஒண்ணு சொல்றேன். பெரிய மியூசிக்கல்களைப் பள்ளிப் பசங்களுக்காக ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி 'பிராட்வே ஜூனியர்'னு உரிமம் குடுக்கறாங்க. அதுல பாட்டுகளை வளர்ற குரலுக்கு ஏத்த சுருதிக்கு மாத்தித்தான் தர்றாங்க. 13 வயசுக் குரல் பெரியவங்க சுருதியில நிக்காதுன்னு இந்தத் துறைக்கு நல்லாவே தெரியும். மேடையில தெரிஞ்சது ஆடிஷன் ரூம்ல மட்டும் மறந்து போகுது. கடைசியா ஒண்ணு. அந்த ரூம்ல இருந்தது எலெக்ட்ரிக் பியானோ. சுருதி மாத்த அதுலயும் ஒரு பட்டன் உண்டு. அவ்வ்வ்வ்...

இப்ப கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். இளைஞர் மியூசிக்கல் தியேட்டர் ஏதோ அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுக்காதீங்க. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல மதுரையில 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சார். நடிகர்கள் எல்லாம் சின்னப் பசங்க. டி.கே.எஸ். சகோதரர்கள் அந்த வருஷம்தான் அதுல சேர்ந்தாங்க. டி.கே. ஷண்முகத்துக்கு அப்ப 6 வயசு. அந்தப் பையனுக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில எழுதி முடிச்சார்னு சொல்லுவாங்க. புள்ளையைப் பாத்து நாடகத்தை அளவெடுத்தார்.

உடனே 'ஆஹா, அந்தக் காலம்!'னு ஆரம்பிக்காதீங்க. பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை சொர்க்கம் இல்லை. பள்ளிக்கூடம் கிடையாது, அடி உண்டு, அப்பா அம்மாவை விட்டுட்டு ஊர் ஊரா போகணும், மகரக்கட்டு உடைஞ்சா பாடற வேஷம் போச்சு. என் பொண்ணை அங்க அனுப்பவே மாட்டேன். ஆனா ஒரு விஷயத்துல அவங்க நேர்மையா இருந்தாங்க. ஒண்ணுமே தெரியாத புள்ளையை எடுத்து, பாட்டு, வசனம், தாளம்னு எல்லாத்தையும் கம்பெனியே சொல்லிக் குடுத்துது. கத்துக்கிட்டு வான்னு வாசல்ல நிறுத்தலை.

சரி, அவங்களைத் திட்டியாச்சு. இப்ப நம்மாளுங்க. விஷயம் தெரிஞ்சதும் தமிழ்ப் பள்ளி வாசல்ல ரெண்டு வகை ஆறுதல் கிடைச்சுது. முதல் வகை: 'இந்தக் கூத்தெல்லாம் நமக்கு எதுக்கு? ஸ்பெல்லிங் பீயில விடுங்க.' இவங்களை மன்னிச்சுடலாம். ரெண்டாவது வகை: 'ஒரு கோச் இருக்கார். மணிக்கு 120 டாலர். அவர்கிட்ட போனா கன்ஃபர்ம். அந்த ஃபைல் எல்லாம் அவரே தயார் பண்ணிடுவார்.' இவங்கதான் ஆபத்து. கோச்சிங் சென்டருக்குப் பயந்து ஊரை விட்டு வந்தோம்னு பதிவு மேல பதிவா எழுதினவங்க நாமதான். இங்க வந்து அடுத்த கோச்சிங் சென்டருக்குச் செங்கல் எடுத்துக் குடுக்கறதும் நாமதான். நாலு பேர் அந்த 120 டாலரைக் கட்டினா, அஞ்சாவது புள்ளை கட்டாம உள்ள போக முடியாது. பஸ்ல வந்த பையனை வெளிய நிறுத்தினது அந்த அமைப்பு மட்டும் இல்லை, நாமளும் தான்.

உண்மையைச் சொல்லிடறேன். அந்த நம்பரை நானும் வாங்கி போன்ல சேத்து வெச்சிருக்கேன். இன்னும் கூப்பிடலை. அழிக்கவும் இல்லை.

ஆடிஷன் முடிஞ்சு கார்ல வரும்போது பொண்ணு பேசவே இல்லை. நான்தான் 'பியானோக்காரன் சரியில்லடா'ன்னு ஆரம்பிச்சேன். "இல்லப்பா. அவர் பேப்பர்ல இருந்ததைத்தான் வாசிச்சார்"னா. அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் நானும் பேசலை.

போன வாரம் அந்த அமைப்புக்கு ஒரு மெயில் போட்டேன். பொண்ணை எடுத்துக்கோங்கன்னு கேக்கலை. அடுத்த வருஷம் ஆடிஷனுக்கு ஒரு வாரம் முன்னாடி, வர்ற பசங்க எல்லாருக்கும் ஒரு மணி நேரம் இலவசமா இந்தப் பேப்பர் விஷயத்தைச் சொல்லிக் குடுங்கன்னு மட்டும் கேட்டிருக்கேன். பதில் வரலை. வந்தா சொல்றேன்.

பொண்ணு இப்ப கீபோர்டுல உக்காந்து அந்த 16 பாரையும் தன் சுருதியில தானே எழுதிக்கிட்டு இருக்கா. உதவி பண்ணட்டுமான்னு கேட்டேன். "வேண்டாம்பா, நீங்க கார் மட்டும் ஓட்டுங்க"ன்னுட்டா :-)

டிஸ்கி: உங்க ஊர்ல பசங்களை இந்த மாதிரி ஆடிஷனுக்குக் கூட்டிட்டுப் போன அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. திட்டறதா இருந்தாலும் எழுதுங்க. ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க.