ரெண்டு குழி மனையும் ஒரு மாடி போர்ஷனும்

எங்க மனை ரெண்டு குழி. வெளியூர் நண்பர்களுக்காக: புதுச்சேரியில ஒரு குழின்னா 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. ஆக எங்களுது 24-க்கு 48. பத்திரத்துல மட்டும் பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன கணக்குல ஆர், சென்டியார்னு இருக்கும். அதுக்குத் தனிப் பதிவே போடணும் :-)

அப்பா ரிட்டையர் ஆயிட்டார். மாடியில சின்னதா ஒரு போர்ஷன் போட்டு வாடகைக்கு விட்டா மாசச் செலவுக்கு ஆகும்னு நெனச்சோம். கோரிமேட்டுல ஆளுக்குப் பஞ்சமில்ல. ஜிப்மர் பக்கத்துலயே. நர்ஸுங்க, படிக்கிற பசங்க, மாசக்கணக்குல வைத்தியத்துக்கு வந்து தங்குற குடும்பங்க... வீடு இருக்கான்னு கேட்டு வராத வாரமே இல்ல.

என்ஜினீயர் பேப்பரை விரிச்சார். பக்கத்துக்கு மூணு அடி, முன்னாடி பின்னாடி அஞ்சஞ்சு அடி விட்டுக் கணக்குப் போட்டார். மிச்சம் 18-க்கு 38. "சார், மாடிப்படி வேணுமா, போர்ஷன் வேணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க"ன்னார். கீழ் வீடு தாத்தா காலத்துது, பக்கத்து வீட்டோட சுவரும் சுவருமா ஒட்டிக் கட்டினது. மேல மூணு அடி உள்ள தள்ளினா மேல் சுவர் கீழ் சுவர் மேல உக்காராது. பீம் போடணும். அந்தச் செலவுக்கு வாடகை எத்தனை வருஷம் வரணுமோ!

தெருவுல பலபேர் ப்ளான்ல ஒண்ணு காட்டிட்டு வேற மாதிரி கட்டிக்கிறாங்க. அதுக்கு எனக்குத் தைரியம் இல்ல. லோன் வேற வாங்கணும்.

இடம் விடச் சொல்றதே தப்புன்னு நான் சொல்லல. காத்தும் வெளிச்சமும் வேணும்தான். ஆனா மூணு அடி சந்துல என்ன வெளிச்சம் வருது? ஏசி அவுட்டோர் யூனிட்டும் உடைஞ்ச பக்கெட்டும்தான் இருக்கு. நம்ம ஊர்லயே தமிழர் பகுதிப் பழைய வீடுகளைப் பாருங்க. பக்கத்துல சந்தே கிடையாது, நடுவுல மித்தம். வெளிச்சம் மேலேர்ந்து வரும். நான் சந்துல விடற இடம் 6-க்கு 38, அதாவது 228 சதுர அடி. அதையே நடுவுல விட்டா 12-க்கு 19 மித்தம்! சின்ன மனைக்காரன் ரெண்டுல எதை வேணா எடுத்துக்கலாம்னு விதி இருந்தா என்ன குறைஞ்சிடும்? சென்னையில ஜார்ஜ் டவுன் மாதிரி பழைய இடங்களைத் தொடர் கட்டடப் பகுதின்னு ஒத்துக்கிட்டிருக்காங்களே. பொதுச் சுவர்ல ஓதம் இறங்கினா பக்கத்து வீட்டுக்காரரோட சண்டை வரும், அது வாஸ்தவம்தான்.

எல்லை தாண்டிப் பட்டானூர்ப் பக்கம் போனா தமிழ்நாடு. அங்க 2024 ஜூலையிலேர்ந்து 2500 சதுர அடி வரைக்கும் மனை இருந்தா, 3500 சதுர அடிக்குள்ள வீட்டுக்கு சுயசான்றுலயே அனுமதி. பேப்பர் வேலை சுளுவாச்சு. ஆனா இடம் விடுற கணக்கு அங்கயும் இருக்கு. கலிபோர்னியாவுல 2020-லேர்ந்து, கூடுதலா ஒரு சின்ன வாடகை வீடு கட்டறதுக்குக் குறைஞ்சபட்ச மனை அளவுன்னு உள்ளூர் நிர்வாகங்க நிபந்தனை போடவே கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. மனை பெருசா இருக்கற ஊர்லயே அப்படி!

இதுல கூத்து என்னன்னா, தாத்தா கட்டின வீட்டுல மித்தம் இருந்துச்சு. இடம் பத்தலன்னு அதுக்கு மேல கான்கிரீட் போட்டு மூடினதே நாங்கதான். ப்ளான் இன்னும் சுருட்டி பீரோ மேலயே இருக்கு. நேத்துகூட ஒரு நர்ஸம்மா வந்து கேட்டுட்டுப் போனாங்க.