வெயிட் குறையலைன்னா நடந்ததெல்லாம் வேஸ்ட்டா?

போன மாசம் ஊருக்குப் போனப்போ அப்பா காலை நடையை நிறுத்தியிருந்தார். "மூணு மாசம் நடந்தேன்டா, ஒரு கிலோகூட எறங்கல. அப்புறம் எதுக்கு?" என்றார். ஆறு வருஷமா சுகர், இருபது வருஷமா லாரி. எங்க தொப்பூர் கணவாயை விபத்துச் செய்தியிலயாவது பார்த்திருப்பீங்க. அந்த இறக்கத்துல நியூட்ரல்ல வரக் கூடாதுன்னு ஊருக்கே பாடம் எடுக்கிற மனுஷன், வெயிட் மெஷினைப் பார்த்து நடையை விட்டுட்டார்.

தப்பு அவர் மேல இல்ல. "நடந்தா உடம்பு குறையும்"னு மட்டும்தான் நாம சொல்லி வச்சிருக்கோம். உங்க வீட்லயும் இதே வசனம்தானே?

விஷயம் கொழுப்புல மட்டும் இல்ல, தசையில இருக்கு. இன்சுலினின் தூண்டுதலால் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் சர்க்கரையில் பெரும்பங்கு எலும்புத்தசைக்குத்தான் போகிறது. அதை உள்ளே கொண்டுபோக குளூட்-4 என்ற புரதம் இருக்கு. சும்மா இருக்கும்போது அது செல்லுக்குள்ளே பதுங்கியிருக்கும். இன்சுலின் வந்து கதவைத் தட்டினால் மேல வந்து சர்க்கரையை உள்ளே விடும். டைப் 2 சர்க்கரை நோயில் அந்தத் தட்டல் சரியாகக் கேட்பதில்லை. ஆனா தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் இல்லாமலே இன்னொரு சிக்னல் போய் அதே குளூட்-4ஐ மேல கொண்டு வருது. சுகர் உள்ளவங்களுக்கும் இந்த வழி வேலை செய்யுது. நம்ம பாஷையில பேரலல் சர்க்யூட்!

நடந்து முடிச்ச பிறகும் தசை ஒன்றிரண்டு நாளைக்கு இன்சுலின் பேச்சைக் கொஞ்சம் நல்லா கேக்கும். அப்புறம் பழையபடி ஆயிடும். அதனாலதான் ஞாயித்துக்கிழமை மட்டும் பத்து கிலோமீட்டர் நடக்கிற வீரம் போதாது. மாசக்கணக்கா தொடர்ந்தா தசைக்குள்ள மைட்டோகாண்ட்ரியாவே பெருகும். ஜான் ஹாலோசி 1967-லயே எலிகளை ஓட வச்சு இதைக் காட்டிட்டார்.

"எலி கதை வேணாம், நம்மாளுங்க கதை சொல்லு"ன்னு அப்பா கேட்டார். இருக்கு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சேர்த்து ஒரு ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு சுமார் மூணு வருஷத்துக்குள் நோய் வந்துவிட்டது. நடை, சாப்பாடு இரண்டையும் மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். முக்கியமான இடம் இதுதான்: அவங்களுக்கு எடை பெருசா குறையவே இல்ல! அப்பாவுக்கு ஏற்கெனவே நோய் இருக்கு, அதனால இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனா எடை மெஷின் முழுக் கதையையும் சொல்லாதுன்னு மட்டும் தெரியுது. (இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரையோ எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு நடங்க. சுகர் திடீர்னு இறங்கிடலாம்.)

சரி, எங்கே நடக்கிறது? எங்க ஊர்ல பக்கத்துலயே நேஷனல் ஹைவே. விடியக்காலை இருட்டுல அதோரமா ஒரு சுகர் பேஷன்ட்டை நடக்கச் சொல்ல எனக்கே மனசு வரல. சென்னை ஏசியாட் காலனி மக்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரம் மூணு தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் அங்கே 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமானார்கள். அங்க மாறினது மனசு மட்டும் இல்ல, இடமும்தான். ரோட்டுக்கு இத்தனை கோடி செலவு பண்றவங்க, அதோரம் வாழ்ற ஊருக்கு லைட் போட்ட ஒரு நடைபாதை போட்டா என்ன? நம்ம சிவில் டிபார்ட்மென்ட் பசங்க இதை ப்ராஜெக்ட்டா எடுத்தா நான் சர்வே பண்ண கூட வர்றேன்.

அதுவரைக்கும் அப்பாவுக்கு ஸ்கூல் கிரவுண்டுதான். லோடு இல்லாத நாள்ல, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம். எடை மெஷினை பீரோ மேல தூக்கி வச்சுட்டேன்.