ராமானுஜனை விட்டுடுங்க சாமிகளா!

மறுபடியும் வந்துடுச்சு அந்த வாட்ஸப் செய்தி. 2520 ஒரு விசித்திர எண்ணாம். 1லேர்ந்து 10 வரைக்கும் எல்லாத்தாலயும் மீதியில்லாம வகுபடுமாம். உலகத்துல எவனுக்கும் தெரியாத இந்த ரகசியத்தைக் கண்டுபிடிச்சவர் ராமானுஜனாம். வாரத்துக்கு 7 நாள், மாசத்துக்கு 30 நாள், வருஷத்துக்கு 12 மாசம், பெருக்கினா 2520ஆம்! கூடவே ரெண்டு கும்பிடு. இதை அனுப்புறதுல இஞ்சினியருங்களும் உண்டுங்கறதுதான் வயித்தெரிச்சல்.

ஐயா, மீச்சிறு பொது மடங்குன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதுதாங்க இது. 30ஐ 12ஆல பெருக்கினா 360. அது 7ஐத் தவிர 10 வரைக்கும் எல்லாத்தாலயும் ஏற்கனவே வகுபடும். விட்டுப்போன 7ஐயும் சேர்த்துப் பெருக்கினா வகுபடாம எங்க போகும்? அதிசயம் அவ்ளோதான். (வருஷத்துக்கு 360 நாள்னு எந்த காலண்டர்ல பார்த்தாங்களோ!)

எவனுக்கும் தெரியாதாம். பிளேட்டோ தன்னோட 'சட்டங்கள்' நூல்ல ஊருக்கு 5040 குடும்பம் இருக்கணும்னு சொல்லிட்டு, அதுக்கு 59 காரணி உண்டு, 1லேர்ந்து 10 வரை எல்லாம் அதுல அடக்கம்னு எழுதிட்டுப் போயிருக்கார் (5040ஐ மட்டும் கணக்குல சேர்க்கலை). 2520ஓட ரெண்டு மடங்குதான் 5040. மனுஷர் போய் 2300 வருஷத்துக்கு மேல ஆச்சு.

எனக்குக் கோவம் அதுல இல்லை. 2520க்கும் ராமானுஜனுக்கும் நெசமாவே ஒரு தொடர்பு இருக்கு, அது இவங்க யாருக்கும் வேணாம்! தனக்குக் கீழ இருக்குற எல்லா எண்ணையும் விட அதிகக் காரணி உள்ள எண்களைப் பத்தி 1915ல லண்டன் கணிதக் கழக இதழ்ல நீளமா ஒரு கட்டுரை எழுதினார். 48 காரணி உள்ள 2520 அந்தக் கூட்டத்துல சும்மா ஒரு ஆளு. அந்த எண்களோட எலும்புக்கூட்டையே பிரிச்சுக் காட்டினார். 2, 3, 5, 7ன்னு பகா எண்கள் இடையில ஒண்ணும் விடாம வரணும். அடுக்குகள் போகப்போக ஏறவே கூடாது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும், 4ம் 36ம் மட்டும் விதிவிலக்கு. எல்லாம் நிரூபணத்தோட. இந்த வேலைக்குத்தான் 1916ல கேம்பிரிட்ஜ் பட்டம் குடுத்தாங்க. கனவுல யாரும் வந்து சொல்லிட்டுப் போன சமாச்சாரம் இல்லீங்க இது, உக்காந்து போட்ட கணக்கு.

கையால ஒரு பட்டியலும் போட்டார். அதுல கடைசி எண் 6746328388800. 10080 காரணி! கம்ப்யூட்டர் இல்லாத காலம். அந்தப் பட்டியல்ல ஒரே ஒரு எண்ணைத் தவறவிட்டுட்டார்: 293318625600. இதை எவனாவது ஃபார்வர்ட் பண்றானா? பண்ணமாட்டான். சாமி கணக்குல தப்பு விடக்கூடாதே! எனக்கென்னமோ அந்த விட்டுப்போன எண்ணைப் பார்க்கும்போதுதான் ராமானுஜன் பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு.

கால்குலேட்டர் இருந்தா 6746328388800ஐ 23ஆல வகுத்துப் பாருங்க. அவர் விட்ட அதே எண் வரும்.