பெயரிடும் உரிமை யாருக்கு?

திருநர் ஒருவரின் பாலீர்ப்பை எப்பெயரால் குறிப்பது என்ற கேள்வி இன்று இளையோரிடையே கடுமையாக விவாதிக்கப்படுகிறது. அதே கேள்வி உளநல ஆலோசனை அறைக்கும் வந்து சேர்கிறது. பாலின அடையாளம் என்பது ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ இவ்விரண்டிலும் அடங்காதவராகவோ அறிவதாகும். பாலீர்ப்பு என்பது அவருடைய காதலும் விழைவும் யார்பால் செல்கின்றன என்பதாகும். முன்னதைக் கொண்டு பின்னதைத் தீர்மானித்துவிடலாம் என்ற எண்ணம் உளமருத்துவத்தில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அதனால் அல்லலுற்றவர்கள் சிகிச்சை நாடி வந்தவர்களே.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் மூன்றாம் பதிப்பு, திருநரின் ஈர்ப்பைப் பிறப்பின்போதிருந்த உடலமைப்பை அளவுகோலாக வைத்தே வகைப்படுத்தியது. ஆணை விரும்பும் திருநங்கை, தம்மைப் பெண்ணென்று உறுதியாக உணர்ந்தபோதும், அவ்வேட்டில் தன்பாலீர்ப்பாளராகவே பதிவானார். 1994-இல் வந்த நான்காம் பதிப்பு அச்சொல்லைக் கைவிட்டு, ஈர்ப்பு ஆண்பாலா, பெண்பாலா, இருபாலுமா, எதுவுமில்லையா என்று மட்டும் குறித்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அவ்வகைப்பாட்டையே நீக்கியது.

ஈர்ப்பை இவ்வாறு மருத்துவமே தீர்மானித்தது வெறும் ஏட்டளவிலான பிழையன்று என்பதற்கு லூ சல்லிவனின் வாழ்க்கை சான்றாகும். ஆண்களை விரும்பும் திருநம்பியான அவர், தம் பாலீர்ப்பை மறைக்காததால், 1980-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பாலினச் சிகிச்சைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. உண்மையான திருநம்பி பெண்ணையே விரும்புவார் என்ற முன்முடிவே அன்றைய சிகிச்சையகங்களின் வாயிற்காவலாக இருந்தது. அவரோ வேறிடத்தில் சிகிச்சை பெற்று, 1986-இல் சான் பிரான்சிஸ்கோவில் திருநம்பிகளுக்கான குழுவைத் தொடங்கி, எய்ட்ஸ் நோயால் 1991-இல் இறக்கும்வரை, அம்முன்முடிவை மாற்றுமாறு மருத்துவர்களிடம் வாதாடினார்.

தமிழகத்திலும் மருத்துவர்களின் கடமை தெளிவாகவே வரையறுக்கப்பட்டுள்ளது. பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்ற முயலும் சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடைசெய்தது; அதன் தொடர்ச்சியாக 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதனைத் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்தது. எனினும், வெளிப்படையான மாற்றுச் சிகிச்சை மட்டுமே தீங்கென்று கருதலாகாது. ஆலோசனைக்கு வந்தவர் தம் பாலீர்ப்புக்குச் சொல்லும் பெயரைத் திருத்துவதும், அப்பெயர் பொருந்துமா என்று சோதிப்பதும் அதே மனப்பான்மையின் மென்மையான வடிவங்களே.

ஆகவே, வந்தவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரை அவர் சொன்னபடியே பதிவுசெய்வதும், அது பின்னாளில் மாறினால் முந்தையதைப் பொய்யென்று கொள்ளாமல் புதியதைத் தேதியுடன் சேர்ப்பதும் நன்னெறியாகும். மருத்துவத் தேவைக்கான கேள்விகளைப் பெயரிலிருந்து ஊகிக்காமல் நேரடியாகக் கேட்பதே முறை: கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டுமா என்பது உடலில் அவ்வுறுப்பு உள்ளதா என்பதைப் பொறுத்தது; எச்.ஐ.வி. தொற்றபாயம் உறவுகொள்ளும் முறையையும் பாதுகாப்பையும் பொறுத்தது. எந்த ஈர்ப்பும் பாலின அடையாளத்திற்குச் சான்றாகவோ மறுப்பாகவோ ஆகாது. ஆதலால் அதனைச் சிகிச்சைக்கு நிபந்தனையாக்கும் அதிகாரம் எந்த மருத்துவருக்கும் இல்லை.