நம் பொடியன்கள் எப்போது விளையாடுவது?

பெருநாள் மென்பந்துச் சுற்றுப்போட்டிக்குக் காசு கொடுத்து வெளியூர் வீரர்களை இறக்குகிறோம். நம் 16 வயதுப் பிள்ளைகளோ எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்குகிறார்கள். "சின்னவனைப் போட்டால் தோற்றுப்போவோம்" என்கிறார்கள் கழகத்தார். விதி அப்படி இருந்தால் வேறென்னதான் செய்வார்கள்?

போலந்தின் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் லீக்கைப் பாருங்கள். ஒரு போட்டியில் 15 பந்தயங்கள். இரண்டாவது பந்தயத்தில் இரு அணியிலும் 21 வயது வரையுள்ளவர்கள் மட்டுமே ஓட வேண்டும். அந்தப் புள்ளியும் அணிக் கணக்கில்தான் சேரும். இளையவரைப் பழக்காத கழகம் அங்கேயே பின்தங்கும். அந்த லீக்கில் வளர்ந்த ஸ்மார்ஸ்லிக் 2019இல் உலக சம்பியன்.

நாமும் கேட்போம்: ஆறு ஓவரில் ஒன்றை 17 வயதுக்கு உட்பட்டவரே வீச வேண்டும். கிண்ணத்துக்கு அனுசரணை தருவோரே, இந்த விதியை எழுதச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.